மெயிலை மெயில் பெட்டிக்குள் எழுதாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் செய்யும் வேலைகளில் ஒன்று மெயில் அனுப்புவது. ஜிமெயிலைத் திறக்கிறோம், கம்போஸ் பட்டனை அழுத்துகிறோம், வலது மூலையில் எழும்பும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே கடிதம் முழுவதையும் அடித்து அனுப்பி விடுகிறோம். நானும் அப்படித் தான் செய்து வந்தேன். இத்தனைக்கும் நான் பி.இ. முடித்து சென்னையில் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆபீசில் ஒரே ஒரு வரி புரோகிராமைக் கூட எடிட்டர் இல்லாமல் எழுத மாட்டேன். ஆனால் சனி, ஞாயிறு காஞ்சிபுரத்துக்குப் போனால் மாமாவின் பட்டுச் சேலை ஆர்டர் மெயில்களை மட்டும் மெயில் பெட்டிக்குள்ளேயே தட்டிக் கொண்டிருந்தேன். ஒரு சேலை வீணான பிறகு தான் அதை நிறுத்தினேன்.

மாமாவுக்குப் பிள்ளையார்பாளையத்தில் வீடு. சொந்தமாக நெய்வதில்லை. ஆர்டர் பிடித்து, பட்டும் ஜரிகையும் கொடுத்து, தெரிந்த நெசவாளர்களிடம் நெய்து வாங்குகிறார். 2022-ல் டொராண்டோவில் இருந்து ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் கல்யாணத்துக்கு ஐந்து சேலை கேட்டார்கள். தை மாதம் முகூர்த்தம். கூறைச் சேலையும் அதில் ஒன்று. பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தது. முடிவான விவரத்தை மெயிலில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கிக் கொள்வது மாமாவின் வழக்கம். அடிப்பது என் வேலை.

நான் என்ன செய்தேன் என்றால், உடல், பார்டர், முந்தி என்று மூன்று தலைப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி ஐந்து சேலைகளின் கலரையும் அட்டவணை போல அடுக்கினேன். மூன்றாவது சேலைக்குத் தனி பார்டர் கிடையாது. உடல் மாம்பழ மஞ்சள், முந்தி அரக்கு, அவ்வளவு தான். அதனால் பார்டர் இருக்க வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். என் மானிட்டரில் பார்க்க அழகாகத் தான் இருந்தது. டொராண்டோக்காரர்களும் கம்ப்யூட்டரில் பார்த்து விட்டு "சரி" என்று எழுதி விட்டார்கள்.

மாமா அதே மெயிலைப் போனில் திறந்தார். அங்கே எழுத்துகள் இடம் பெயர்ந்து, 'அரக்கு' என்ற சொல் 'பார்டர்' என்ற தலைப்புக்கு நேர் கீழே வந்து நின்றது. அவர் பார்த்ததை நெசவாளரிடம் அப்படியே சொன்னார். மஞ்சள் உடல், அரக்கு பார்டர், கோர்வை. கோர்வை என்றால் உடலும் பார்டரும் தனித்தனிக் கலரில், தனித்தனி நாடா ஓட்டி, வரிக்கு வரி கோர்த்து நெய்வது. தறியில் துணைக்கு இன்னொரு ஆள் உட்கார வேண்டும். பார்டருக்கான பாவையே அரக்குச் சாயத்தில் போட்டாயிற்று. பாதிச் சேலை நெய்த பிறகு தான் நான் தறியடிக்குப் போய்ப் பார்த்தேன்.

"இது தனி பார்டர் இல்லாத சேலை ஆச்சே மாமா" என்றேன்.

"நீ அனுப்புன மெயில்ல அரக்கு பார்டர்னு தாண்டா இருக்கு" என்று போனை நீட்டினார். அவர் சொன்னது சரி தான். போனில் அப்படித் தான் இருந்தது.

நெசவாளர் மேல் ஒரு தப்பும் இல்லை. மாமா அவருக்கு முழுக் கூலி கொடுத்தார். வேறொரு தறியில் கெஞ்சிக் கேட்டு, புதிதாகப் பாவு போட்டு, கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும் போது சேலை சென்னை ஏர்போர்ட்டில் ஒரு உறவினர் பெட்டியில் ஏறியது. அந்த மஞ்சள்-அரக்கு கோர்வைச் சேலை பல மாதம் பீரோவில் கிடந்து பிறகு விலை குறைத்து விற்றது.

எழுத்து ஏன் நகர்ந்தது?

கம்ப்யூட்டரில் ஒரு ஃபான்ட், போனில் வேறு ஃபான்ட். விண்டோஸில் தமிழ் பெரும்பாலும் நிர்மலா யு.ஐ. என்ற ஃபான்ட்டில் தெரியும். பல ஆண்ட்ராய்ட் போன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ். இரண்டிலும் ஒரே எழுத்து ஒரே அகலம் இல்லை. ஆங்கிலத்திலாவது எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் ஃபான்ட்டைப் போட்டு அட்டவணையை ஒப்பேற்றலாம். தமிழில் 'ர'வையும் 'ணௌ'வையும் ஒரே அகலத்தில் எப்படி அடக்குவது? ஆகவே தமிழில் ஸ்பேஸ் தட்டி அட்டவணை போடுவது எந்த ஃபான்ட்டிலும் நம்பக் கூடிய வேலை இல்லை. போதாக்குறைக்கு போனின் அகலம் குறைவு என்பதால் நீளமான வரி மடிந்து அடுத்த வரிக்குப் போய் விடும்.

இதற்குத் தீர்வு மிகவும் சாதாரணமானது. ஒரு விவரத்துக்கு ஒரு வரி. இப்போது எங்கள் ஆர்டர் இப்படி இருக்கும்:

சேலை: 3
உடல்: மாம்பழ மஞ்சள்
பார்டர்: தனி பார்டர் கிடையாது, உடல் கலரே
முந்தி: அரக்கு
பிளவுஸ்: சேலையோடு சேர்த்து, முந்தி கலரில்

காலி இடமே கிடையாது என்பதைக் கவனியுங்கள். இல்லை என்றால் 'இல்லை' என்று எழுதியே ஆக வேண்டும். இதை மெயிலில் அனுப்பலாம், வாட்ஸ்அப்பில் ஒட்டலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், போனில் வாசித்தும் காட்டலாம். எங்கே போனாலும் கலையாது. இப்படி எழுதுவதற்கு மெயில் பெட்டியை விட டெக்ஸ்ட் எடிட்டர் நல்ல இடம்.

எடிட்டர் வேறு, மெயில் வேறு

டெக்ஸ்ட் எடிட்டர் என்பது வெறும் எழுத்தை மட்டும் எழுதிச் சேமிக்கும் புரோகிராம். தடித்த எழுத்து, கலர், படம் எதுவும் அதில் சேராது. உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் நோட்பேட் அப்படிப்பட்டது தான். வேர்ட் அப்படி அல்ல. அதில் நீங்கள் அடிக்கும் எழுத்தோடு கண்ணுக்குத் தெரியாத அலங்காரச் செய்திகளும் சேர்ந்து கொள்ளும். மெயிலில் ஒட்டும் போது அவையும் கூடவே வந்து எழுத்தைப் பெரிதும் சிறிதுமாக்கும்.

எடிட்டரில் எழுதி மெயில் புரோகிராமில் அனுப்புவது புதிய யோசனை இல்லை. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15-ல் பொது மக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. அப்போது ஷெல் அக்கவுன்ட் வாங்கியவர்களின் திரையில் படம் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது, எழுத்து மட்டும் தான். மெயில் பார்க்கப் பலரும் பைன் என்ற புரோகிராமைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது அது. அதில் கடிதம் எழுதும் பகுதிக்குப் பிக்கோ என்று தனிப் பெயர். பிக்கோ பிடிக்கவில்லை என்றால் வேறு எடிட்டரை இணைத்துக் கொள்ளவும் வசதி இருந்தது. 1995-ல் வந்த மட் என்ற மெயில் புரோகிராமோ எழுதும் வேலையை வெளி எடிட்டரிடமே விட்டு விட்டது. லினக்ஸ் ஆட்கள் அதை இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு ஏன், மைக்ரோசாஃப்ட் 2007-ல் அவுட்லுக்கில் மெயில் எழுதும் வேலையை வேர்டின் எடிட்டருக்கே கொடுத்து விட்டது.

டயல்-அப் காலத்தில் வீட்டில் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு இது செலவு மிச்சம் பிடிக்கும் வழியும் கூட. டெலிபோன் பில் ஓடிக் கொண்டிருக்கும் போது யோசித்து யோசித்து அடிக்க முடியுமா? முதலில் நோட்பேடில் முழுவதையும் அடித்து வைத்து விட்டு, பிறகு இணைப்பு கொடுத்து ஒட்டி அனுப்பி, உடனே துண்டித்து விடுவார்களாம். மாமா சொல்லித் தான் எனக்குத் தெரியும்.

முதல் படி: நோட்பேட்

இன்றே செய்யக் கூடியது இது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து கொள்ளுங்கள். கடிதத்தை எழுதி முடித்ததும் ஃபைல் மெனுவில் சேவ் ஆஸ் கொடுங்கள். வரும் டயலாக் பாக்ஸின் கீழே என்கோடிங் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா பாருங்கள். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து நோட்பேட் தானாகவே யுடிஎஃப்-8 ஆகத் தான் சேமிக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் அங்கே ஆன்சி என்று இருக்கும். அதை மாற்றாமல், வரும் எச்சரிக்கைக்கும் ஓகே சொல்லி விட்டால் உங்கள் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறி விடும். மீட்கவும் முடியாது. அந்த எச்சரிக்கை வந்தால் கேன்சல் கொடுத்து விட்டு யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள்.

பிறகு கண்ட்ரோல் + ஏ அழுத்தி அனைத்தையும் தேர்வு செய்து, கண்ட்ரோல் + சி கொடுத்துக் காப்பி எடுத்து, மெயிலில் கண்ட்ரோல் + வி கொடுத்து ஒட்டி விடுங்கள். வேர்டில் இருந்தோ வெப் பக்கத்தில் இருந்தோ ஜிமெயிலில் ஒட்டும் போது மட்டும் கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி அழுத்தினால் அலங்காரம் நீங்கி எழுத்து மட்டும் வரும்.

ஒரு நல்ல பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லி விடுகிறேன். பெறுபவர் முகவரியைக் கடைசியாக நிரப்புங்கள். பாதிக் கடிதம் தவறிப் போய்ச் சேராமல் இருக்க இதை விட எளிய வழி இல்லை.

ஒட்டிய தமிழ் குப்பையாக வருகிறதா?

காஞ்சிபுரத்தில் டி.டி.பி. சென்டர்களில் அடித்து வாங்கிய பழைய விலைப் பட்டியல், கல்யாணப் பத்திரிகை வாசகம் எல்லாம் பல வீடுகளில் சிடியில் கிடக்கிறது. அதை எடுத்து மெயிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். வைரஸ் என்று பயந்து விடாதீர்கள். அவை யூனிகோடு வருவதற்கு முந்தைய ஃபான்ட்களில் அடித்தவை. உதாரணத்துக்கு, பாமினி ஃபான்ட்டில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் தான். ஃபான்ட் இருக்கும் வரை தமிழாகத் தெரியும். ஃபான்ட் இல்லாத இடத்தில் வேஷம் கலைந்து விடும்.

ஒரு காலத்தில் இதற்கு ஆளுக்கொரு முறை இருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. இன்டர்நெட்டில் தமிழ் எழுதியவர்கள் டிஸ்கி என்ற இன்னொரு முறையைப் பயன்படுத்தினார்கள். ஒருவர் அனுப்பும் மெயிலை மற்றவர் படிக்க வேண்டுமானால் அதே முறையில் அமைந்த ஃபான்ட் இவரிடமும் இருக்க வேண்டும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தர நிர்ணயமாக ஏற்றது. இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் வருவது யூனிகோடு தான்.

உங்களிடம் இருக்கும் தமிழ் எந்த வகை என்று தெரிந்து கொள்ள நோட்பேடே போதும். அதில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. குப்பையாகத் தெரிந்தால் பழைய ஃபான்ட். பொங்குதமிழ், என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டு யூனிகோடாக்கி, எண்களையும் நிறுத்தக் குறிகளையும் ஒரு முறை சரி பார்த்து விட்டு மெயிலில் சேருங்கள்.

இரண்டாம் படி: நோட்பேட்++

வாரத்துக்கு நாலைந்து முக்கியமான மெயில் எழுதுகிறவராக இருந்தால் நோட்பேட்++ இன்ஸ்டால் செய்யுங்கள். டான் ஹோ என்பவர் 2003-ல் வெளியிட்ட இலவச எடிட்டர் இது. பெயர் ஒன்று போல இருந்தாலும் விண்டோஸ் நோட்பேடுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் சொந்த வெப்சைட்டில் இருந்து மட்டும் இறக்குங்கள். தேடும் போது மேலே வரும் விளம்பரங்களில் டவுன்லோட் என்று இருப்பதை எல்லாம் கிளிக் செய்யாதீர்கள்.

முதலில் தமிழ் கொஞ்சம் பொடியாகத் தெரியலாம். செட்டிங்ஸ் மெனுவில் ஸ்டைல் கான்ஃபிகரேட்டர் திறந்து, டீஃபால்ட் ஸ்டைல் என்பதில் ஃபான்ட்டை நிர்மலா யு.ஐ. என்றும் சைஸை 14 என்றும் மாற்றிக் கொள்ளுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கும். என்கோடிங் என்ன என்பது ஜன்னலின் கீழ்ப் பட்டையில் வலது பக்கம் எப்போதும் தெரிந்து கொண்டே இருக்கும்.

காஞ்சிபுரத்தில் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டெஸ்க்டாப்பில் யு.பி.எஸ். இல்லாதவர்களுக்கு நோட்பேட்++ ஒரு பெரிய உதவி. நீங்கள் சேவ் செய்ய மறந்தாலும் சில விநாடிகளுக்கு ஒரு முறை அது தானே ஒரு நகல் எடுத்து வைக்கிறது. கரன்ட் வந்து மறுபடி திறந்தால் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். ஜிமெயிலும் டிராஃப்ட் சேமிக்கும் தான். ஆனால் அதற்கு இன்டர்நெட் இருக்க வேண்டும். கரன்ட் போனால் மோடமும் சேர்ந்தே போகிறதே!

எனக்கு மிகவும் பிடித்தது இதன் தேடும் வசதி. மாமாவுக்கு ஆர்டர்கள் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ஒவ்வொரு ஆர்டரையும் வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் பெயரிட்டு ஒரு ஃபைலாகச் சேமிக்கிறோம். வருடத்தை முதலில் போட்டால் ஃபைல்கள் தானாகக் கால வரிசையில் நிற்கும். கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப் அழுத்தினால் ஃபோல்டரில் உள்ள அத்தனை ஃபைல்களிலும் ஒரே நேரத்தில் தேடலாம். போன மாதம் ஒரு அம்மா "ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த அதே எம்.எஸ். புளூ வேணும்" என்று கேட்டார். (எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திப் பிரபலமான நீலம் என்பதால் அந்தப் பெயர்.) மாமாவிடம் மூன்று விதமான எம்.எஸ். புளூ இருக்கிறது. புளூ என்று தேடியதும் அந்த ஆர்டரும், எந்தச் சாயப் பட்டறையில் போட்டது என்ற குறிப்பும் ஒரே வரியில் வந்து விட்டன. மெயில் பெட்டியில் "சரிங்க மாமா", "ஓகே நன்றி" என்று நாற்பது பதில்களுக்கு நடுவே அதைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

மூன்றாம் படி: தண்டர்பேர்டோடு இணைப்பது

இது விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும். காப்பி, பேஸ்ட்டே போதும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டி விடலாம். விண்டோஸோடு வரும் புதிய அவுட்லுக், பிரவுசரில் திறக்கும் ஜிமெயில் இரண்டிலும் காப்பி எடுத்து ஒட்டுவது தான் சுலபம். வெளி எடிட்டரை நேரடியாகவே இணைக்க வேண்டுமானால் மோசில்லா தண்டர்பேர்ட் தேவை. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்த இலவச மெயில் புரோகிராம். உங்கள் ஜிமெயில் முகவரியைக் கொடுத்தால் கூகுளின் பக்கத்துக்கே அழைத்துப் போய் அனுமதி வாங்கிக் கொள்ளும்.

தண்டர்பேர்டுக்கு முன்பு எக்ஸ்டர்னல் எடிட்டர் என்று ஒரு ஆட்-ஆன் இருந்தது. 2020-ல் வந்த 78-ம் பதிப்பு பழைய வகை ஆட்-ஆன்களை ஏற்காததால் அது பயன்படாமல் போயிற்று. பிறகு அதே வேலையைச் செய்ய எக்ஸ்டர்னல் எடிட்டர் ரிவைவ்டு என்ற புதிய ஆட்-ஆன் வந்தது. இதில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று தண்டர்பேர்டுக்குள் சேர்க்கும் ஆட்-ஆன். மற்றொன்று கிட்ஹப்பில் உள்ள அதன் பக்கத்தில் இருந்து தனியாக இறக்க வேண்டிய சிறு உதவி புரோகிராம். ஆட்-ஆன் தானாகவே வெளி புரோகிராம்களைத் திறக்க தண்டர்பேர்ட் விடாது. பாதுகாப்புக்காகத் தான். அதனால் தான் இடையில் இந்த உதவியாளர். அந்தப் பக்கத்தில் சொல்லியுள்ளபடி அதை இயக்கிப் பதிவு செய்யுங்கள்.

பிறகு மூன்று இடங்களைச் சரி செய்ய வேண்டும். ஆட்-ஆனின் செட்டிங்கில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து நோட்பேட்++ இருக்கும் பாதையைக் கொடுங்கள். அங்கே ஏற்கெனவே எழுதியிருக்கும் தற்காலிக ஃபைல் பெயரை அழித்து விடாதீர்கள். தண்டர்பேர்டின் அக்கவுன்ட் செட்டிங்ஸில் கம்போசிஷன் அண்ட் அட்ரஸிங் பகுதிக்குப் போய், மெயிலை எச்.டி.எம்.எல். முறையில் எழுதும் டிக் குறியை எடுத்து விடுங்கள். இல்லையென்றால் எடிட்டரில் உங்கள் கடிதத்தோடு குறியீடுகளும் கலந்து வந்து மிரட்டும். மூன்றாவது, நான் ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக் கொண்டது. நோட்பேட்++ ஏற்கெனவே திறந்திருந்தால் புதிய ஃபைலை அதே ஜன்னலில் போட்டு விட்டு, வந்த வேலை முடிந்தது என்று உடனே சொல்லி விடும். நீங்கள் ஒரு எழுத்து கூட அடிக்கும் முன்பே தண்டர்பேர்ட் கடிதத்தைத் திரும்ப எடுத்துக் கொள்ளும். இதைத் தவிர்க்க நோட்பேட்++ செட்டிங்ஸில் பிரிஃபரன்சஸ் திறந்து, மல்டி-இன்ஸ்டன்ஸ் என்ற பகுதியில், எப்போதும் தனித் தனியாகத் திறக்கும் வகையைத் தேர்வு செய்யுங்கள்.

இனி தண்டர்பேர்டில் புது மெயில் ஜன்னலைத் திறந்து கண்ட்ரோல் + இ அழுத்தினால் நோட்பேட்++ திறக்கும். மேலே பெறுநர், சப்ஜெக்ட் போன்ற வரிகள் இருக்கும். அடுத்து ஒரு காலி வரி. அதன் கீழே கடிதம். அந்தக் காலி வரியைத் தொடாதீர்கள். தலைப்பு வரிகள் எங்கே முடிகின்றன என்பதற்கு அது தான் அடையாளம். 1982-ல் எழுதிய மெயில் விதிகளில் இருந்தே இந்த ஏற்பாடு தான். எழுதி முடித்து, சேவ் செய்து, ஜன்னலை மூடினால் எல்லாம் தண்டர்பேர்டுக்குத் திரும்பி வந்திருக்கும். நீங்களாக மாற்றாத வரை மெயில் தானாகப் போய் விடாது. நிதானமாகப் படித்து விட்டு சென்ட் கொடுக்கலாம். ஆனால் எடிட்டரில் திறப்பது தற்காலிக ஃபைல் என்பதால், வைத்துக் கொள்ள வேண்டிய ஆர்டரை ஆர்டர்கள் ஃபோல்டரிலும் ஒரு காப்பி போட்டு விடுங்கள்.

மாமா தண்டர்பேர்ட் வரை வரவில்லை. அவருக்கு நோட்பேட்++ போதுமாம். ஒவ்வொரு ஆர்டரையும் அதில் தமிழில் ஒரு விரலால் தட்டி, டொராண்டோவுக்கு மெயிலில் ஒன்று, நெசவாளர் மகனின் வாட்ஸ்அப்புக்கு ஒன்று என ஒட்டுகிறார். பாவு போடும் முன் நெசவாளருக்குப் போன் செய்து, ஃபைலைப் பார்த்தபடி ஒவ்வொரு வரியாக வாசிக்கிறார். "பார்டர்... இல்லை" என்ற வரி வந்தால் மட்டும் இரண்டு தடவை சொல்கிறார்.